ஒயின் அலமாரி: பெல்டியரா கம்ப்ரஸரா? துடைக்கிறவன் சொல்கிறேன்

ஒயினைக் குளிராக வைக்கும் மின் அலமாரியில் பெல்டியர், கம்ப்ரஸர் என்று இரண்டு வகை. கடையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: கறுப்புக் கண்ணாடிக் கதவு, நீல விளக்கு, மரத்தட்டு. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு முதலில் வந்தது 12 பாட்டில் பிடிக்கும் பெல்டியர் வகை, மூன்று வருஷம் கழித்து வந்தது 40 பாட்டில் கம்ப்ரஸர் வகை. இரண்டையும் துடைப்பது நான்தான், அதனால் விலையையும் அழகையும் விட்டுவிடுகிறேன்.

பெல்டியரில் குளிரூட்டும் கேஸ் கிடையாது, அதிர்வும் கிடையாது என்றே சொல்லலாம். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சின்ன வில்லை, அவ்வளவுதான். ‘பராமரிப்பே வேண்டாம் சார்’ என்றார் விற்றவர், நானும் நம்பினேன். ஆனால் அந்தச் சூட்டை வெளியேற்ற பின்னால் அலுமினியத் தகடுகளும் ஒரு குட்டி ஃபேனும் உண்டு, அந்தத் தகட்டு இடுக்கில் தூசி அடைத்தால் உள்ளே குளிர்ச்சி மெல்ல மெல்லக் குறையும், சத்தம் அதிகம் இல்லாததால் நமக்குத் தெரியவும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் 22 டிகிரி காட்டுகிறது. பின்பக்க மூடியைக் கழற்றினேன். தாளிப்புப் பிசுக்கில் ஊறிய தூசி, கம்பளித்துணி மாதிரி ஒட்டிக் கிடந்தது. (சமையலறையை ஒட்டி வைத்தது என் புத்திசாலித்தனம்.) பழைய டூத்பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் சுரண்டிய பிறகும் 17-க்குக் கீழே இறங்கவில்லை. அது அழுக்கின் குற்றமில்லை, இந்த வகையே அறை வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் குறைக்கும். இங்கே அறையே 31.

கம்ப்ரஸர் வகை நம் வீட்டு ஃபிரிட்ஜின் தம்பி. ஒயினுக்குப் பிடித்த 12, 13 டிகிரிக்கு அலட்டிக்கொள்ளாமல் இறங்கும். பதிலுக்கு வேலை கொடுக்கும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் கம்பிகளை வாக்குவம் பிடிக்க வேண்டும். பின்சுவரில் வடியும் தண்ணீர் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் போகிறது, அது அடைத்தால் அடித்தட்டில் குளம்தான், கீழ்வரிசை பாட்டில்களின் லேபிளில் பூஞ்சை பிடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து அந்த ஓட்டையில் பீய்ச்சினால் சரியாகிவிடும். வாடையை உறிஞ்சும் கரி ஃபில்டர் இருந்தால் வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். துடைக்கும் ஒரு மணி நேரம் பாட்டில்கள் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது, வெயில் படாமல் இருந்தால் போதும்.

கதவு ரப்பர் இரண்டுக்கும் பொது. இரண்டு டாலர் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரைக் கழுவுங்கள், அப்படியும் வந்தால் மாற்றுங்கள்.

எதைக் கொண்டு துடைப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா, இதற்குத்தான் என் ஓட்டு: பிசுக்கும் போகும், வாசனையும் தங்காது. வினிகர் பூஞ்சைக்குப் பரவாயில்லை, ஆனால் அந்த நெடி போக கதவைத் திறந்துபோட்டுக் காத்திருக்க வேண்டும். ப்ளீச் வேண்டவே வேண்டாம். குளோரினும் மரமும் பூஞ்சையும் சேரும் இடத்தில் டிசிஏ (TCA) என்ற சேர்மம் உருவாகலாம், கார்க் கெட்ட ஒயினில் வரும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அதுதான், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒயின் தயாரிப்பாளர்கள் பலர் அதற்குப் பயந்தே குளோரினைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. வீட்டு அலமாரியில் அவ்வளவு ஆபத்து இல்லை என்று வாதாடலாம், ஆனால் தட்டு மரம், ஈரமும் இருக்கிறது, நான் அந்தச் சோதனையில் இறங்கத் தயாரில்லை.

மொத்தத்தில், வேலை அதிகம் என்றாலும் இந்த ஊர்ச் சூட்டுக்குக் கம்ப்ரஸர்தான். பெல்டியரைத் தூக்கிப் போடவில்லை, படுக்கையறைப் பக்கம் நகர்த்தியாயிற்று. இப்போது அதில் மனைவியின் சாக்லேட் இருக்கிறது, 17 டிகிரி அதற்குக் கச்சிதம்.