எட்டு டிரைவர் இருந்தும் ஒட்டாத ஒலி

இந்த இயர்போனில் காதுக்கு எட்டு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), பளபளக்கும் மெட்டல் கூடு, தடித்த கேபிள். உயர்விலை இயர்போனுக்குரிய பகட்டெல்லாம் இருக்கிறது. பாட்டுதான் ஒட்டவில்லை.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். விரல் படும் சத்தம் துல்லியம்; ஆனால் கும்கி, அதாவது அந்தப் பக்கத்தின் வளைந்தெழும் அடிநாதம், எழுந்து அடங்கும் அதிர்வைக் காணோம். சின்ன ஆர்மேச்சர் தள்ளும் காற்று குறைவு. அதை ஈடுகட்ட 200 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள ஒலியின் அளவைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். விளைவு, ஆண்குரல் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கிறது. மேலே 8 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி திடீரென எகிறும் ஒரு கூர்முனை, ஒவ்வொரு 'ஸ'வும் குத்துகிறது. காதுக்குள் நுழையும் மெத்தை முனையான டிப்பை ஆழமாகச் செருகினால் அந்தக் கூர்முனை இன்னும் உயர்ந்த அலைவெண்ணுக்கு நகர்ந்து குத்தல் குறையும். ஆனால் டிப் மாட்டும் குழலின் தடிமன் 6.5 மி.மீ.; சிறிய காதுக்குள் அவ்வளவு தூரம் போகாது. ஃபோம் டிப் ஓரளவு உதவும், அவ்வளவே.

இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 10 ஓம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது அலைவெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். அதனால் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகமுள்ள ஆம்ப்பில் (ஒலிபெருக்கும் கருவி) மாட்டினால் டோனே மாறிவிடுகிறது. அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்குக் கீழுள்ள டாங்கிளில் (போனில் செருகும் சின்ன ஆடியோ அடாப்டர்) மட்டும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மன்னிக்கவே முடியாதது கேபிள் செருகும் 0.78 மி.மீ. டூ-பின் சாக்கெட். கேபிளை லேசாகத் திருப்பினாலே இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதை முதலில் சோதித்துவிடுங்கள்.