ஜெனரல் காண்ட்ராக்டரா, ஓனர்-பில்டரா? ரெண்டையும் பண்ணிப் பார்த்தவன் எழுதுறது

எங்க பாத்ரூமை நானே ஓனர்-பில்டரா, அதாவது சிட்டி அனுமதியை (பெர்மிட்) என் பேர்லயே எடுத்து ஆளுங்களை நானே பிடிச்சு, நின்னு மாத்துனேன், அடுத்த வருஷம் கிச்சனை லைசன்ஸ் உள்ள ஜெனரல் காண்ட்ராக்டர் (சுருக்கமா ஜிசி) ஒருத்தர் கிட்ட குடுத்துட்டேன். ஒரே வீடு, கலிஃபோர்னியா, ஒரே சிட்டி பில்டிங் ஆபீஸ். இப்போ தெரிஞ்சவங்க ரெண்டு பேர் ரீமாடல் ஆரம்பிக்கப் போறாங்க, ரெண்டு பேரும் கேக்குறது ஒண்ணுதான், "பிளம்பர் பிளம்பிங் பண்றாரு, எலக்ட்ரீஷியன் வயரிங் பண்றாரு, நடுவுல ஜிசிக்கு எதுக்குங்க காசு?" அதுக்குத்தான் இது. முதல்லயே சொல்லிடுறேன், நான் ஜிசி பக்கம், அதனால கொஞ்சம் சாய்ஞ்சுதான் எழுதுவேன்.

ஜிசின்னா யாரு? நம்ம ஊர் மேஸ்திரிய நினைச்சா பாதி சரி. ஆளைக் கூட்டிட்டு வர்றது, சாமான் ஆர்டர் பண்றது, யார் முன்னாடி யார் பின்னாடின்னு வரிசை போடுறது எல்லாம் அதே வேலைதான். மீதி பாதி பேப்பர்ல இருக்கு. பெர்மிட் எடுக்குறது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிக்குறது, பிளம்பர், எலக்ட்ரீஷியன் மாதிரி சப்-காண்ட்ராக்டர்க்கு (சப்) பணம் குடுக்குறது, தப்பு நடந்தா பதில் சொல்றது. அவர் ஆணியே அடிக்காம இருக்கலாம், எங்க ஜிசி ஒரு நாள் கூட சுத்தியலைத் தொட்டு நான் பாக்கல.

இங்க லைசன்ஸ் குடுக்குறது சிஎஸ்எல்பின்னு ஒரு ஸ்டேட் போர்டு, 1929-ல இருந்து இருக்கு. கிளாஸ் ஏ-ங்கிறது ரோடு, பாலம் மாதிரி வேலைக்கு, நமக்கு சம்பந்தம் இல்ல. வீட்டு வேலைக்கு கிளாஸ் பி, அதான் நாம ஜிசின்னு சொல்றது. சி-ன்னு ஆரம்பிக்குறதெல்லாம் தனித்தனி தொழில், சி-10 எலக்ட்ரிகல், சி-36 பிளம்பிங், சி-39 ரூஃபிங் இப்படி. ரீமாடல் மட்டும் பண்றவங்களுக்குன்னு பி-2-ன்னு ஒண்ணு 2021-ல வந்துச்சு, ஆனா அதை வெச்சிருக்கவர் லோடு தாங்குற சுவர்ல கை வைக்கக் கூடாது. எங்களுக்கு கிச்சன் சுவரை எடுத்துட்டு பீம் போடணும், அதனால பி வேணும்னு தேடுனோம். பி வாங்கணும்னா கடைசி 10 வருஷத்துக்குள்ள 4 வருஷம் அந்தத் தொழில்ல முழு அனுபவம் காட்டணும், சட்டம் பத்தி ஒரு பரீட்சை, தொழில் பத்தி ஒரு பரீட்சை, கைரேகை, அப்புறம் 25,000 டாலர் பாண்ட், அதாவது அவரால நஷ்டப்பட்டவங்களுக்கு ஈடு குடுக்க ஒரு உத்தரவாதம். இதெல்லாம் பாஸ் பண்ணவர் நல்ல வேலைக்காரர்னு யாரும் சொல்லல. ஏதாவது ஆனா அவர் எங்க இருக்காருன்னு கவர்மெண்ட்டுக்குத் தெரியும், அவ்ளோதான், அதுவே எனக்கு பெரிய விஷயம்.

காசு விஷயம் சீக்கிரம் முடிச்சிடுறேன். ஓனர்-பில்டர்தான் மலிவு, அதுல சந்தேகமே இல்ல, ஜிசி தன்னோட ஓவர்ஹெட், லாபம்னு சப் பில்லு மேல வெச்சுத்தான் போடுவாரு. டைம்? வேலைக்குப் போற ஆளா இருந்தா ஓனர்-பில்டர்ல லீவு எல்லாம் காலி. டிசைன் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்ங்கிறது ஓனர்-பில்டர்ல உண்மையிலேயே சுகம், ஜிசி கிட்ட ஒரு கேபினெட் கதவை மாத்தினாலும் சேஞ்ச் ஆர்டர்னு ஒரு பேப்பர் வரும், அதுல ஒரு தொகை இருக்கும்.

இதெல்லாம் ஒரு பக்கம் வெச்சிடுங்க. என்னைப் பொறுத்தவரை எல்லாத்தையும் தீர்மானிக்குறது ஒரே கேள்வி, பெர்மிட் யார் பேர்ல இருக்கு?

பாத்ரூம் கதைய சொல்றேன். ஷவர் தரைக்கு அடியில தண்ணி தாங்குற லேயர் போட்டதும் அதுல தண்ணிய நிறுத்தி வெச்சு இன்ஸ்பெக்டர் பாக்கணும், அதுக்கு அப்புறம்தான் டைல்ஸ். எனக்கு அது தெரியும், ஷெட்யூல்லயும் எழுதி வெச்சிருந்தேன். ஆனா டைல்ஸ்காரர் வேற வேலை கேன்சல் ஆச்சுன்னு ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டாரு, நான் ஆபீஸ்ல மீட்டிங்ல, வீட்டம்மா கதவைத் தொறந்து விட்டுட்டா, சாயங்காலம் வந்து பாத்தா தரை முழுக்க டைல்ஸ் ஒட்டி முடிஞ்சிருக்கு. அழகாத்தான் இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு மூடுனதை நான் எப்படிங்க பாஸ் பண்றதுன்னு கேட்டாரு, அவர் கேட்டதுல தப்பே இல்ல. உடைச்சோம். டைல்ஸ்காரர் பிளம்பர் ஓகே சொன்னாருன்னாரு, பிளம்பர் நான் சொல்லவே இல்லைன்னாரு, ரெண்டு பேர் கிட்டயும் தனித்தனி அக்ரிமெண்ட், ரெண்டு பேரும் அவங்கவங்க வேலைய ஒழுங்காத்தான் பண்ணியிருந்தாங்க. வரிசை தப்பினது யார் பொறுப்பு? பெர்மிட்ல யார் பேர் இருக்கோ அவர். அதுல என் பேர் இருந்துச்சு.

கிச்சன்லயும் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ஃபெயில் ஆச்சு, பீம் உக்கார்ற இடத்துல ஏதோ கனெக்டர் பிளான்ல இருக்குற மாதிரி இல்லையாம். அது எனக்குத் தெரிஞ்சதே நாலு நாள் கழிச்சு, அதுக்குள்ள சரி பண்ணி ரீ-இன்ஸ்பெக்‌ஷனும் முடிஞ்சிடுச்சு. எனக்கு ஒரு சென்ட் செலவு இல்ல, ஒரு மணி நேரம் லீவு இல்ல. அவரோட பேர், அவரோட தலைவலி.

டைல்ஸ் போனா போகட்டும், ஆள் கீழ விழுந்தா? ஓனர்-பில்டரா இருந்துட்டு லைசன்ஸ் இல்லாத ஆளை வேலைக்கு வெச்சா, அடிபட்டா, சட்டத்தோட கண்ணுல நாமதான் அவருக்கு முதலாளின்னு ஆக வாய்ப்பு அதிகம். வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையில அடிபடுறவங்களுக்கான இன்ஷூரன்ஸ், நாம எடுத்திருக்கணும்பாங்க. பெர்மிட் ஃபார்ம்லயே இதுக்கு ஒரு டிக்ளரேஷன் இருக்கு, நானும் அதுல கையெழுத்து போட்டேன், படிக்காமத்தான் போட்டேன். பாத்ரூம் சின்ன வேலைங்கிறதால தப்பிச்சேன்.

இதனாலதான் கிச்சனுக்கு வந்த மூணு கொட்டேஷன்ல ரொம்பக் கம்மியா இருந்ததை விட்டோம். அந்த ஆள் நல்லாத்தான் பேசினாரு, கடைசில "சார், பெர்மிட்ட நீங்களே ஓனர்-பில்டர்னு எடுத்துடுங்க, சீக்கிரம் கிடைக்கும்"னாரு. வேலை அவர் பண்ணுவாரு, பொறுப்பு மட்டும் நம்மளுது. வீட்டுக்கு வந்து அவரோட லைசன்ஸ் நம்பரைத் தட்டிப் பாத்தா லைசன்ஸ் எக்ஸ்பயர் ஆகி ரொம்ப நாளாச்சு.

நம்பரைத் தட்டுறதுன்னா சிஎஸ்எல்பி சைட்ல இலவசமாப் பாக்கலாம், அஞ்சு நிமிஷம். ஆக்டிவா இருக்கா, எந்த கிளாஸ், பாண்ட் இருக்கா, இதெல்லாம் எல்லாரும் பாப்பாங்க. ரெண்டு இடத்தை மட்டும் நின்னு பாருங்க. ஒண்ணு வொர்க்கர்ஸ் காம்ப். அங்க எக்ஸெம்ப்ட்னு இருந்தா எனக்கு வேலைக்காரங்களே இல்லைன்னு அவர் எழுதிக் குடுத்திருக்காருன்னு அர்த்தம், அப்படி எழுதினவர் உங்க வீட்டுக்கு தன்னோட ஆளுங்கன்னு நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா கணக்கு உதைக்குது. இன்னொண்ணு லைசன்ஸ்ல இருக்குற பேரும் உங்க கூட பேசுற ஆளும் ஒரே கம்பெனியான்னு. அடுத்தவர் லைசன்ஸ் நம்பரைக் காட்டி ஓட்டுறவங்க இருக்காங்க.

ஜிசியிலயும் குத்தம் இருக்கு, மறைக்கல. பெருசு மெக்கானிக்ஸ் லீன், அதாவது பணம் வராதவர் நம்ம வீட்டு மேல போடுற கடன் உரிமை. நாம ஜிசிக்கு முழுப் பணமும் குடுத்திருப்போம், அவர் கவுண்டர்டாப் சப்ளையருக்குக் குடுக்காம விட்டா அந்த சப்ளையர் நம்ம வீட்டு மேல லீன் போடலாம். வேலை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ப்ரிலிமினரி நோட்டீஸ்னு தபால்ல ஒண்ணு வந்துச்சு, வீட்டம்மா யாரோ கேஸ் போட்டுட்டாங்கன்னு பயந்தே போயிட்டா. அது வழக்கமா வர்றதுதான், நானும் இந்த வேலையில இருக்கேன்னு சப் நமக்கு சொல்றாரு. ஒவ்வொரு தவணை குடுக்கும்போதும் அந்த சப் கிட்ட இருந்து லீன் ரிலீஸ் (லீன் போடுற உரிமையை விட்டுக் குடுக்குற பேப்பர்) வாங்கித் தாங்கன்னு ஜிசி கிட்ட கேளுங்க, நல்ல ஜிசி முகம் சுளிக்க மாட்டாரு. ஓனர்-பில்டர்ல நாமளே நேரா குடுக்குறதால இந்தத் தொல்லை கம்மி. அப்புறம் 25,000 பாண்ட் இன்ஷூரன்ஸ் இல்ல, அவர் மேல புகார் சொல்ற எல்லாருக்கும் சேர்த்துதான் அந்தத் தொகை. அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான லயபிலிட்டி இன்ஷூரன்ஸ், அவர் கம்பெனி எல்எல்சிங்கிற வகையா இருந்தாத்தான் லைசன்ஸுக்குக் கட்டாயம், மத்தவங்க கிட்ட சர்டிஃபிகேட் தனியாக் கேட்டு வாங்கணும்.

அட்வான்ஸ்ல ஒரு நல்ல விஷயம், வீட்டு ரீமாடலுக்கு மொத்தத்துல 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது கம்மியோ அதுக்கு மேல டவுன் பேமெண்ட் கேக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கு. பாதிய முன்னாடியே குடுங்கன்னா அங்கயே எந்திரிச்சிடலாம்.

மூணாவது ஆப்ஷன் ஹேண்டிமேன், சில்லறை வேலை பண்றவர். கூலி, சாமான் எல்லாம் சேத்து 1,000 டாலருக்குள்ள, பெர்மிட் வேண்டாத வேலை, கூட ஆள் வெச்சுக்காம தனியா பண்றாருன்னா லைசன்ஸ் இல்லாமலே பண்ணலாம், 2025 ஜனவரிக்கு முன்னாடி இது 500 டாலரா இருந்துச்சு. கதவு, பெயிண்ட்டுக்கு தாராளமாக் கூப்பிடுங்க. பெரிய வேலைய துண்டு துண்டா உடைச்சு 900, 900-னு பில் போட்டா அது செல்லாது. லைசன்ஸ் இல்லாம பெரிய வேலை பண்ணவருக்குக் குடுத்த பணத்தைக் கோர்ட்ல திருப்பிக் கேக்கவே சட்டம் இடம் குடுக்குது, ஆனா ஆள் போன் எடுக்கணுமே.

கேட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் டெக்சாஸ். அங்க கதையே வேற, ஸ்டேட் லெவல்ல ஜிசிக்கு லைசன்ஸே கிடையாது, எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி ஆளுங்களுக்குத்தான் இருக்கு, மீதி அந்தந்த சிட்டி வெச்ச ரூல். ஃப்ளோரிடால ஸ்டேட் முழுக்க செல்லுற சர்டிஃபைட், குறிப்பிட்ட ஏரியால மட்டும் செல்லுற ரிஜிஸ்டர்ட்னு ரெண்டு வகை. பென்சில்வேனியால அட்டர்னி ஜெனரல் கிட்ட பதிவு பண்ணணும், பரீட்சை கிடையாது. அதனால "லைசன்ஸ்ட்"னு வேன்ல எழுதியிருந்தா எந்த ஊர் லைசன்ஸ், என்ன லைசன்ஸ்னு கேளுங்க. டெக்சாஸ்ல நான் இருந்தா இன்ஷூரன்ஸ் பேப்பரையும் சிட்டி பெர்மிட்டையும்தான் பிடிச்சுத் தொங்குவேன்.

புது வீடு அடியில இருந்து கட்டுறதைப் பத்தி நான் பேசல, நான் பண்ணது ரெண்டு ரீமாடல்தான். கட்டுமானத் தொழில்ல இருக்கவரோ பகல்ல வீட்டுல இருக்க முடியறவரோ ஓனர்-பில்டரா நல்லாவே சமாளிக்கலாம், எங்க பாத்ரூம் கதை அன்னைக்கு நான் மீட்டிங்ல இருந்ததால நடந்தது, அதையும் ஒத்துக்குறேன்.

அடுத்தது எங்களுக்கு ரூஃப். ஒரே தொழில்ங்கிறதால ஜிசி வேண்டாம், சி-39 கிட்டயே நேராப் போறோம். ரூஃபருக்கு ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் வொர்க்கர்ஸ் காம்ப் கட்டாயம். மூணு கொட்டேஷன் வாங்கி நேத்து ராத்திரி மூணு நம்பரையும் தட்டினேன், அதுல ஒண்ணு காம்ப் இல்லாததால சஸ்பெண்டட்னு வந்துச்சு. மிச்சம் ரெண்டு பேர் கிட்டயும் பெர்மிட் யார் எடுப்பீங்கன்னு கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன்.