ஜூமா, பிரைமா? 18-55-உம் 50-உம்

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸைப் பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது. 18-இல் கோபுரம் முழுவதும் அடங்கும். நின்ற இடத்திலேயே 55-க்குத் திருகினால் ஒரு நிலை மட்டும். பயணத்துக்கு அது போதும்.

சிக்கல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் தொடங்கும். 55-இல் கிட் லென்ஸின் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). 50 மி.மீ. பிரைம், அதாவது ஜூம் செய்ய முடியாத லென்ஸ், எஃப் 1.8 வரை திறக்கும். ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம். அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) ஜூம் 1/15 நொடி கேட்கும் இடத்தில் பிரைமுக்கு 1/125 போதும். குழந்தை லேசாக அசைந்தாலும் முகம் கலங்காது, பின்னணியும் அழகாகக் கரையும். ஆனால் 1.8-இல் கிட்டத்தில் நின்று கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும். கொஞ்சம் பழக வேண்டும்.

அப்புறம், சின்ன சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் 50 என்பது 75 அல்லது 80 மி.மீ. போலத்தான், அதாவது இன்னும் நெருக்கமாகத் தெரியும். சின்ன ஹாலில் குடும்பப் படம் எடுக்கப் பின்னால் போய்ப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வோம் (என் முதுகுக்குத் தெரியும்). அங்கே 35 தேவலை.

கிட் லென்ஸ் கையில் இருந்தால் அடுத்த காசைப் பிரைமில் போடுங்கள் என்பேன். கல்யாணம் எடுப்பவர்கள் கதை வேறு. தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கு 24-70 எஃப் 2.8 ஜூம் தான் சரி.