பரு நின்றது, அடையாளம் நிற்கிறது: வன்னி வெயிலில் அடாபலீன் பூசிய அனுபவம்

இரவில் பருவுக்கான அடாபலீன் 0.1% ஜெல், காலையில் பருவையும் கறுப்பு அடையாளத்தையும் குறைக்கும் அசெலைக் அமிலக் கிறீம், வெளியே போகுமுன் சன்ஸ்கிரீன். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இந்த மூன்றையும் இரண்டு வருடத்துக்கு மேலாகப் பூசி வருகிறேன். தொடக்க காலம் எல்லோருக்கும் நடப்பதுதான்: தோல் உரிந்தது, பரு கொஞ்சம் கூடியது, மூன்றாம் மாதமளவில் முகம் தெளியத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். புதுப் பரு வருவது அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் கன்னத்துக் கறுப்பு அடையாளங்கள் மாதக்கணக்கில் அசையவே இல்லை. "மருந்து உனக்குப் பழகிப்போச்சு, வேற மாத்தடி" என்றாள் மச்சாள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

மருந்து பழகிப்போவதில்லை. மயிர்த்துளை அடைபடாமல் பார்ப்பதுதான் அடாபலீனின் முக்கிய வேலை. ஒரு பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் சின்ன அடைப்பாக உருவாகிவிடுகிறது. ஏற்கெனவே உருவானவை வந்து தீர்ந்து, புதியவை குறைய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் மாற்றம் பளிச்சென்று தெரியும். பிறகு வேலி போட்ட தோட்டம் மாதிரித்தான்: மாடு வராமல் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. வராத பரு கண்ணாடியில் தெரியாது.

அடையாளங்களின் கணக்கு வேறு. நம் மேல்தோல் முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும், வயது ஏற ஏற இன்னும் கூடும். அடையாளத்தைக் கறுப்பாக்கும் நிறமி மேல்தோலில் தங்கியிருந்தால் அந்தச் சுழற்சியோடு மேலேறி உதிர்ந்துவிடும். பரு ஆழமாகக் கொதித்த இடத்தில் நிறமி உள்தோலுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. அங்கிருந்து உதிர வழியில்லை, உடம்புதான் மெல்ல மெல்ல அகற்ற வேண்டும். அதற்கு வருடக்கணக்கு ஆகலாம், பூசுகிற கிறீமும் அவ்வளவு ஆழத்தில் பெரிதாக எதுவும் செய்யாது.

இதைக் கண்ணாலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். காலையில் யன்னலோரம் நின்று பார்த்தால் என் தாடையோரப் புள்ளிகள் தேயிலைச் சாயத்தின் மண்ணிறம். வலது கன்னத்தில் இருப்பவை சாம்பல் கலந்த நீலம். மண்ணிறமானவை மெலிந்துகொண்டே வந்தன, சாம்பல் நிறமானவை அப்படியே இருக்கின்றன. ஒரே முகம், ஒரே கிறீம். முதலில் போகக்கூடியவை போய்விட்டன, போகக் கடினமானவை மிஞ்சியிருக்கின்றன. வேகம் குறைந்ததற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நமது இடம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது தோல் காய்ந்து இழுக்கும், கிரவல் ஒழுங்கைப் புழுதி வேறு. அந்த மாதங்களில் தினமும் அடாபலீன் பூசினால் எரிச்சல் வரும். நம் நிறத் தோலில் எரிச்சல் நீடித்தால் அதுவே புதுக் கறுப்பை உண்டாக்கும். அதனால் கச்சான் காலத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள், அதுவும் முதலில் ஈரப்பதக் கிறீம் பூசிய பிறகு. மாரி தொடங்கினால் மறுபடி தினமும். ஆடி மாத முகத்தைத் தை மாத முகத்தோடு ஒப்பிட்டால் பின்னுக்குப் போன மாதிரித்தான் தெரியும். போன வருடம் அதே மாதம், அதே யன்னல், அதே நேரத்தில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படியும் கிணற்றுத் தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னொன்றும் உண்டு. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, அதன் எச்சம் தோலில் ஒட்டி வறட்சியைக் கூட்டும். சவர்க்காரம் சேராத, மென்மையான முகக்கழுவி இங்கே கட்டாயம் வேண்டும் என்பேன். விலை கூடினாலும் பரவாயில்லை.

இரண்டாம் வருடத்தில் உண்மையிலேயே பலன் தந்த மாற்றம் ஒன்றுதான். தோல் டொக்டர் நிறம் கலந்த சன்ஸ்கிரீனுக்கு மாறச் சொன்னார். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுத்த தோலில் நிறமியைத் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது, நிறத்துக்காக இரும்பு ஒக்சைட் சேர்த்தது தடுக்கும். சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு எண் 30 என்றால், தோலைச் சுடும் யூவிபி எனும் புற ஊதாக் கதிரில் சுமார் 97% தடுக்கிறது, 50 என்றால் சுமார் 98%. ஆகவே அந்த எண் எவ்வளவு என்பதைவிடப் பூசும் அளவு முக்கியம்: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் நிறையப் பூச வேண்டும். ஏ9 வீதியில் ஸ்கூட்டியில் போய்வரும் எனக்கு, மாறிய சில மாதங்களில் தாடையோர அடையாளங்கள் முன்பைவிட வேகமாக மெலியத் தொடங்கின. ஒரு குறை, இங்கே கிடைக்கும் நிறங்கள் பெரும்பாலும் வெளிறியவை. எங்கள் நிறத்துக்கு ஏற்றதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வெயில் கூடிய நாட்டில் இது பெரிய அநியாயம்.

முன்னேற்றம் நின்றது போலத் தோன்றும் இந்தக் காலத்தில்தான் பெயர் விபரம் ஒட்டாத சின்ன டப்பாக் கிறீம்கள் கைக்கு வரும். "கலியாணத்துக்கு முன்னம் ஒரு கிழமை பூசு, வெளிச்சிடும்" என்பார்கள். வெளிக்கும், பொய்யில்லை. பலவற்றில் கடும் ஸ்டீரொய்ட் இருக்கும், சிலவற்றில் பாதரசமும் இருக்கும். ஸ்டீரொய்ட் தோலை மெலியவைத்து இரத்தக் குழாய்கள் தெரிய வைக்கும், நிறுத்தினால் பருவும் சிவப்பும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தயவுசெய்து தொடவேண்டாம்.

பரு விட்டுப்போன, விரல் வைத்தால் தட்டுப்படும் குழிகளுக்கு நான் பூசும் இந்த மூன்றும் போதாது. தோலில் மிகச் சின்ன ஊசிகளால் குத்தும் நுண்ணூசி, லேசர் போன்ற சிகிச்சைகள்தான் வேண்டும், அதற்கு யாழ்ப்பாணமோ கொழும்போ போகவேண்டி வரும். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. பிள்ளைக்கு முயற்சிப்பவர்களும் கர்ப்பிணிகளும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். அசெலைக் அமிலத்தைப் பொதுவாகத் தொடரலாம் என்றாலும், முதலில் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.