ஏகாண்ட வீணை என்று சொல்லி ஒட்டு வீணையைத் தலையில் கட்டிவிட்டார்கள்

தஞ்சாவூர் வீணைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா, ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன தை மாதம் ஒரு பட்டறையில் ஏகாண்ட வீணைக்குச் சொல்லி 30,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். குடம் (உருண்டையான பகுதி), தண்டி (நீண்ட கழுத்து), யாளி (முனையில் இருக்கும் தலை) எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாண்டம், தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு. ஒட்டு வீணையைக் குறைத்துச் சொல்லவில்லை, நான் கற்றுக்கொண்டதே அதில்தான், ஆனால் என்னிடம் வாங்கியது ஏகாண்டத்தின் விலை. "2013லயே புவிசார் குறியீடு வாங்கின சரக்கும்மா, சந்தேகமே வேணாம்" என்றார் பட்டறைக்காரர். ஊர்ப்பெயருக்குத் தருகிற அந்தக் குறியீடு ஒட்டா ஏகாண்டமா என்று சொல்லாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சித்திரை வெயிலில் குடமும் தண்டியும் சேரும் இடத்தில், பாலிஷுக்கு மேல் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினேன், பொடி உதிர்ந்தது. அலங்காரத்துக்கு ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றினால் உள்ளே பசையும் மரத்தூளும் வைத்து அடைத்திருக்கிறார்கள், குடத்தின் மர ரேகை ஒரு பக்கம் ஓடுகிறது, தண்டியின் ரேகை வேறு பக்கம். சரியாகக் காயாத மரம் வேறு, சுருங்கி ஒட்டு வாய் திறந்துவிட்டது.

தந்தி விஷயம் இன்னும் வயிற்றெரிச்சல். நான் வாசிப்பது மூன்று கட்டை சுருதியில் என்று முதல் நாளே சொன்னேன். அதைவிட உயர்ந்த ஐந்து கட்டைக்குப் போடுகிற மெல்லிய கம்பியை மாட்டி அனுப்பியிருக்கிறார். (கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு, கடையில் வாங்கும்போது பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.) அதை மூன்று கட்டைக்கு இறக்கினால் தொய்ந்துபோய் அடுத்த மெட்டில் (தண்டிமேல் வரிசையாகப் பதித்த உலோகக் குறுக்குப் பட்டை) பட்டுக் கரகரவென்கிறது, தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்துக்கு வழக்கமான பலத்தில் இழுத்தாலே சுருதி தாண்டி ஓடுகிறது. தாழ்ந்த ஒலிக்கான மந்தரத் தந்திக்கு வெறும் பித்தளைக் கம்பி கேட்டிருந்தேன், காந்தத்தை வைத்துப் பார்த்தேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது. முலாம் பூசின இரும்பு!

போன் செய்தால் "வெயில்ல வெச்சிருப்பீங்கம்மா" என்றார், அப்புறம் எடுப்பதே இல்லை. ரசீதில் "வீணை 1" என்று மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்து நான் யாரிடம் போய் என்ன கேட்பது?

ஏகாண்டம், பலா, எத்தனை கட்டை, எந்தத் தந்திக்கு என்ன கம்பி, இத்தனையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். குடைந்து முடித்து மேல்பலகை மூடுவதற்கு முன்னால், பாலிஷ் ஏறுவதற்கு முன்னால், ஒருநாள் நேரில் போய் அடிப்பக்கத்தைத் திருப்பி ரேகை குடத்திலிருந்து தண்டிக்குத் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். வேண்டாம் என்று தடுக்கிற பட்டறையில் முன்பணமே கொடுக்காதீர்கள்.

வீணை இப்போது வேறொரு ஆசாரியிடம் இருக்கிறது. 24 மெட்டையும் மெழுகோடு எடுத்துவிட்டு, ஒட்டைச் சரிசெய்து, புதிதாக மேளம் கட்ட (மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதி சேர்க்க) வேண்டும் என்கிறார், விஜயதசமிக்குள் கிடைக்குமா தெரியவில்லை. பட்டையைக் கழற்றியபோது எடுத்த படங்கள் இருக்கின்றன, ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.