64-இல் நிற்கும் முள்: கை வாக்குவம் பம்பும் பெல் ஜாரும்

ஒலிக்கும் மணியை ஒரு ஜாடிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்தால் ஒலி அடங்குவதைக் காட்டுவது மணி ஜாடி (பெல் ஜார்) சோதனை. பதினோரு ஆண்டுகளாக அதைக் கரும்பலகையில் வரைந்துதான் நடத்தி வந்தேன். பென்னாகரம் சாலையில் உள்ள எங்கள் பள்ளியில் அந்தக் கருவி இல்லை. இந்த ஜூன் மாதம் சொந்தப் பணம் 4,600 ரூபாய் போட்டு ஒரு செட் வரவழைத்தேன். அக்ரிலிக் ஜாடி, 20 செ.மீ. விட்டமுள்ள தட்டு, கை பம்ப், உள்ளே காற்றழுத்தம் எவ்வளவு குறைந்தது என்பதைப் பாதரச சென்டிமீட்டரில் காட்டும் மானி.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டோடு வந்த ரப்பர் வளையம் மட்டமான ரகம், காற்றுக் கசிந்தது. பத்தே நிமிடத்தில் முள் 64-இலிருந்து 50-க்கு இறங்கியது. தருமபுரியில் ஒரு பைப் கடையில் தடித்த வளையம் வாங்கி, வேசலின் தடவிப் போட்ட பிறகு ஒரு பாடவேளை முழுவதும் அசையாமல் நிற்கிறது.

பெட்டியின் மேல் ‘முழு வெற்றிடம்’ என்று அச்சிட்டிருப்பதை நான் மன்னிக்க மாட்டேன். மானியில் 76 வரை, அதாவது கடல் மட்டத்துக் காற்றழுத்தம் வரை, கோடுகள் உண்டு. முள் 64-ஐத் தாண்டாது. மானி பழுதோ என்று முதலில் நினைத்தேன். தருமபுரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே 72 செ.மீ. அளவுதான். 76-ஐ இந்த ஊரில் எந்த பம்பும் காட்டாது. ஓசூருக்குக் கொண்டுபோனால் இன்னும் குறையும். ஆக, எங்கள் ஜாடியில் 8 செ.மீ. மிச்சம், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு காற்று. ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ 25,000 கோடி கோடி மூலக்கூறுகள்! அலாரம் கடிகாரத்தைப் பஞ்சின் மேல் வைத்தும் அதன் ஒலி முழுதாக அடங்காமல் முணுமுணுப்பது இதனால்தான்.

அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்று காட்டும் வெந்நீர்ச் சோதனைக்காக மட்டுமே இதை வாங்கலாம். விரல் விட்டுப் பார்க்கக்கூடிய 55 டிகிரி நீரை உள்ளே வைத்தோம். முள் 60-ஐ நெருங்கியதும் நீர் தளதளவெனக் கொதித்தது. பின்வரிசைப் பையன்கள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள்.

“காற்று முழுவதையும் எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றுமே இருக்காதா, மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, “கடிகாரம் கண்ணுக்குத் தெரிகிறதே, அப்படியென்றால் உள்ளே வெளிச்சம் இருக்கிறது” என்றாள். எனக்கு மெய்சிலிர்த்தது. ஜாடியைத் துணியால் மூடினாலும் சுவரின் வெப்பக் கதிர்வீச்சு உள்ளே இருக்கும். கடிகாரம் மிதக்கவில்லை, ஆகவே புவியீர்ப்பும் இருக்கிறது. வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினோம். உள்ளே ஆணி திரும்பியது. விண்மீன்களுக்கு இடையே கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஓர் அணு அளவுதான் உண்டு என்றாலும், அங்கேயும் பிரபஞ்சத்தின் தொடக்ககால ஒளித்துகள்கள் அதே இடத்தில் 400-க்கு மேல் இருக்கின்றன. அவற்றையும் விலக்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும் ஒளிக்கும் காந்தத்துக்கும் அடிப்படையான மின்காந்தப் புலத்தின் நடுக்கம் ஓயாது. மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தட்டுகளை அது ஒன்றையொன்று நோக்கித் தள்ளும் என்று 1948-இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர் கணக்கிட்டார். 1997-இல் அமெரிக்க இயற்பியலாளர் லாமொரோ அதைத் துல்லியமாக அளந்தார். அன்று அடுத்த பாடவேளையைக் கணக்கு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வாங்குபவர்கள் கண்ணாடி ஜாடி வேண்டாம், அக்ரிலிக்கே கேளுங்கள். முள் 64-இல் நிற்கும்போது அந்தத் தட்டின் மேல் ஏறத்தாழ 270 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. மயிரிழை விரிசல் தெரிந்தாலும் பயன்படுத்தாதீர்கள். வெந்நீர்ச் சோதனை முடிந்ததும் பம்பைப் பத்து முறை வெறுமனே இழுத்து ஈரத்தை வெளியேற்றி, பிஸ்டனுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது ரப்பர் வளையத்துக்காக அல்ல, பெட்டியின் மேல் உள்ள அந்த இரண்டு சொற்களுக்காக.