விடியலா, இரவா, ஞாயிறா: வேலைக்குப் போகிறவர் நாவல் எழுதும் நேரம்

200 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால் கைக்கு வருவது 10,000. வேலையை விடலாமா என்ற யோசனை இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகும். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸிலும், தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எழுதினார்கள். ஆக, எந்த நேரத்தில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

முதல் வரைவுக்கு விடியற்காலைதான். 5 மணிக்கு உட்கார்ந்து 6.15க்கு எழுந்தால் 300 சொல் தேறும். வாரம் ஐந்து நாள், 1,500 சொல். 60,000 சொல் நாவலுக்கு 40 வாரம். இதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, முந்தைய இரவு 11 மணி தாண்டி விழித்திருப்பது. இன்னொன்று, எழுந்ததும் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழுவைத் திறப்பது. 'எங்கே தொடங்குவது' என்று விழிப்பதிலும் இருபது நிமிடம் போய்விடும். அதனால் காட்சி முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தி, கீழே ஒரு வரி குறித்துவிடுங்கள்: 'மாமா கதவைத் தட்டுகிறார், கையில் பத்திரம்.' மறுநாள் கதவைத் திறந்தால் போதும்.

இரவு 9.30க்கு மேல் புதுக் காட்சி எழுதினால் நடை காய்ந்துவிடும். பகலெல்லாம் மெயில் எழுதிய கை, 'கதவு திறக்கப்பட்டது' என்றே எழுதும். ஆனால் திருத்துவதற்கு இரவு நல்லது. பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு ஐந்து பக்கம். ஒற்றுப்பிழை, பக்கத்துக்கு நாலு முறை வரும் 'ஆனால்', தேவையில்லாத முதல் பத்தி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். களைத்த மூளைக்குத் தன் வரிமேல் பாசம் குறைவு.

ஞாயிறு நான்கு மணி நேரம் கிடைக்குமே என்பார்கள். ஆறு நாள் இடைவெளியில் கதையில் வரும் அத்தையின் வயதும் ஊரும் மறந்திருக்கும்; பழையதைப் படிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஆவணியும் தையும் வந்தால் முகூர்த்தம் வேறு. ஒரே மூச்சில் முடிகிற சிறுகதைக்கு ஞாயிறு சரி, நாவலுக்கு ஆகாது.

எந்த நேரமானாலும் ஆபீஸ் லேப்டாப்பில் எழுதாதீர்கள். வேலையை விட்டுக் கிளம்புகிற அன்றே கணக்கை முடக்கிவிடுவார்கள். மூன்றாம் அத்தியாயம் உள்ளேயே கிடக்கும்.